சயாவின் முழங்காலும் என் வலது கையும்

எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும்போது ரங்கூன் துறைமுகத்தில் என் வேலை கை காட்டுவது. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கப்பலின் சரக்கறைக்கு மேலே ஒரு பெரிய திறப்பு உண்டு. அதை ஹேச்சு என்போம். அந்த ஹேச்சின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்து, சரக்கை ஏற்றவா இறக்கவா என்று, வின்ச் என்னும் பாரந்தூக்கியை ஓட்டுகிறவருக்குக் கையால் சொல்ல வேண்டும். வின்ச் இருக்கும் இடத்திலிருந்து கீழே இருப்பது எதுவும் தெரியாது. கீழே எட்டுப் பேர் நிற்பார்கள், அவர்கள் தலைக்கு மேல் பத்து மூட்டை தொங்கும். சுட்டுவிரலை மேலே சுழற்றினால் ‘ஹபீஸ்’, அதாவது ஏற்று. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே தணித்தால் ‘ஆரியா’, இறக்கு. உள்ளங்கையை விரித்து மேலே தூக்கினால் நிறுத்து. வாயால் கத்திப் பயன் இல்லை, அந்த இரைச்சலில் பெற்ற தாய் கூப்பிட்டாலும் காதில் விழாது.

வின்ச் ஓட்டுகிறவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். சரக்கைப் பார்க்காதே, முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். கை சொன்னால் செய். ஏன் என்று கேட்காதே. எங்கள் வின்ச்சுக்காரர் ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கத்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், மீசையும் வெற்றிலையுமாக மலை மாதிரி உட்கார்ந்திருப்பார். அவரை நான் ‘அண்ணே’ என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். ஜெட்டி என்பது கப்பல் கட்டும் துறைமேடை; மழைக்காலம் முழுக்க அந்த ஜெட்டி ஆட்களின் பந்தாட்ட அணியில் இரண்டு பேரும் பேக், அதாவது பின்வரிசையில், ஆடுவோம். அவர் இடது, நான் வலது. ரங்கூனில் பந்தாட்டம் மழைக்காலத்து ஆட்டம். சேறு முழங்கால் வரை ஏறும், பூட்ஸ் போட்டவன் வழுக்கி விழுவான், வெறுங்காலோடு ஆடும் நாங்கள் நிற்போம். எங்களுக்கு இருந்த ஒரே வசதி அதுதான்.

செர்பியா தேசத்துக்காரர் ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தது அப்படி ஓர் ஆட்டத்தின்போதுதான். போட்டாதாங் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். யாரோ உதைத்த பந்து சாலைக்குப் போய்விட்டது. பாய்லர் பழுதாகி நின்ற ஒரு கப்பலிலிருந்து இறங்கி வந்த வெள்ளைக்காரர் ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெய்க் கறை, அந்தப் பந்தைப் பார்த்தார். எடுத்துக் கொடுப்பார் என்று நின்றோம். அவர் ஓடக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்து ஓர் உதை. பந்து கிடங்குக் கூரை உயரத்துக்குப் போனது, எங்கோ போய்த் தொலைந்தது என்று நினைத்தேன். அது மேலே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்து, திடீரென்று மனசு மாறி, நேராக என் காலடியில் வந்து விழுந்தது. உருளவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அடேயப்பா! பதினோரு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வின்ச்சுக்காரர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

பிறகு அவர் சாலை ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். நாங்கள் வெறுங்காலோடு ஆடுவதைப் பார்த்துக் கழற்றினார். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

“விரல் எங்கே துரை?” என்று துறைமுகத்து இந்துஸ்தானியில் கேட்டேன்.

“பனி தின்னுடுச்சு,” என்றார் அதே பாஷையில். “துரைன்னு சொல்லாதே. நான் பிட்டர், மெஷின் ரிப்பேர் பாக்கறவன்.”

பனி மனிதனின் விரலைத் தின்னும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தன் ஊரின் தலைநகரத்தில் படிக்கும்போதே பெரிய ஆட்டக்காரர். சண்டை வந்தது. நாடே தோற்று, பட்டாளமும் ஜனமும் பனி மலைகளைக் காலால் நடந்தே தாண்டிக் கடலுக்குப் போயிருக்கிறார்கள். கூட நடந்தவர்களில் பாதிப் பேர் வழியிலேயே உட்கார்ந்து எழுந்திருக்கவில்லையாம். இவர் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுத் தப்பித்தார். எட்டு விரலை வைத்துக்கொண்டு மறுபடி ஆடக் கற்று, பிரெஞ்சு தேசத்தில் ஆடி, பிறகு கப்பலில் இயந்திர வேலைக்குச் சேர்ந்து இங்கே வந்திருக்கிறார். செர்பியா எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். “அந்தப் பெரிய சண்டை எங்க பக்கத்துலதான் ஆரம்பிச்சது,” என்று, தானே ஆரம்பித்து வைத்தவர் போல வெட்கப்பட்டார்.

கப்பல் போய்விட்டது, அவர் போகவில்லை. ஆற்றங்கரை அரிசி மில்லில் பிட்டர் வேலை கிடைத்தது. இரண்டு மழைக்காலம் எங்களோடு ஆடினார். வெள்ளைக்காரர் கிளப்பிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. ஏன் என்று கேட்டால், அங்கே டீ நன்றாக இல்லை என்றார். அவர் காலில் பந்து வந்ததும் கயிற்றுக்கு வெளியே நிற்கும் கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து சம்பான் படகு பிடித்து ஆற்றைத் தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மைதானத்தின் நடுவிலிருந்து ஒரு கோல் அடித்தார். முதல் நாள் நான் பார்த்த அதே உதை. பந்து மேலே போய், நின்று, கோல்கீப்பர் கை தூக்கிக் காத்திருக்க, அவன் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. அன்று நான் சோறு சாப்பிடவில்லை. பொய் இல்லை. மனசு நிறைந்து போய்ப் பசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

மில்லுக்கு ஓர் இயந்திரச் சக்கரம் கப்பலில் வந்திருந்தது. அதை எடுத்துப் போக அவரையே அனுப்பியிருந்தார்கள். சரக்கறையில் அது கொஞ்சம் எழும்பியதும் சங்கிலி முறுக்கிக்கொண்டது. முறுக்கைப் பிரிக்க அவர் கீழே இறங்கி, இடது காலை மண்டியிட்டு, வலது காலை அடியில் நீட்டிக்கொண்டு வேலை செய்தார். சக்கரம் அவர் காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. நான் ஹேச்சின் விளிம்பில், உள்ளங்கையை விரித்துத் தூக்கியபடி நின்றேன். நிறுத்து. வின்ச்சுக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே அந்தக் கால் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சனிக்கிழமை கோல் ஞாபகம் வந்தது. யாரும் கேட்கவில்லை, யாரிடமும் நான் பேசவில்லை. மனசுக்குள் பந்து மேலே போனது, நின்றது. பிறகு இறங்கியது. என் கையும் கூடவே இறங்கியது. உள்ளங்கை கவிழ்ந்து, மெதுவாக, அந்தப் பந்து இறங்கின மாதிரியே.

வின்ச்சுக்காரர் அதை ஆரியா என்று எடுத்துக்கொண்டார். இறக்கினார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இஷ்டம் இல்லை.

எல்லோரும் என்னைச் சுற்றி நின்று “என்னடா ஆச்சு? ஏன்டா கை இறக்கினே?” என்று கேட்டார்கள். “குளவி,” என்றேன். “மூஞ்சிக்கு நேரா ஒரு குளவி வந்துச்சு.” எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ! வின்ச்சுக்காரர் என் சட்டையைப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர். “குளவி கொட்டினா செத்தாடா போயிடுவே? கொட்டட்டும்னு நிக்க மாட்டே? என் கையாலயே அந்த மனுசன் கால ஒடைக்க வச்சுட்டியேடா! இனிமே உன் கையை நான் பாத்தா என்னைச் செருப்பால அடி.” அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டே நிறுத்தினார். துறைமுகத்தில் என் பெயரே குளவி ஆயிற்று. நானே போய் மேஸ்திரியிடம் கை காட்டும் வேலை வேண்டாம் என்று சொல்லி மூட்டை தூக்கப் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கால் இனி மடங்காது என்று சொல்லியிருந்தார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“குளவியாமே?” என்றார். அதற்குள் தமிழ் ஓரளவு வந்திருந்தது.

“ஆமாங்க.”

“பெரிய குளவியா?”

“ஆமாங்க,” என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

அதோடு அவர் கதை முடிந்தது என்று ஊரே நினைத்தது. அடுத்த மழைக்காலத்தின் முதல் நாள், நாங்கள் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனால், ஓரத்தில் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்! வலது கால் விறைப்பாக முன்னால் நீட்டியிருக்கிறது, கையில் மூங்கில் தடி. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் தடியால் தரையைத் தட்டினார். “அழறதுக்கா வந்தீங்க? ஆடுங்க. நான் பாக்கணும்.”

பார்த்தார் ஐயா, பார்த்தார். இப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் யார் எப்போது எந்தப் பக்கம் திரும்பினான், எவன் மூச்சு எப்போது வாங்கியது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். ஆட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனால் மேஜையில் புளியங்கொட்டையை வைத்து முழு ஆட்டத்தையும் மறுபடி ஆடிக் காட்டுவார். “நீ இங்க நின்னே. ஏன் நின்னே?” என்று கொட்டையைத் தட்டிக் கேட்பார். பிரம்புப் பந்தைக் காலால் தட்டும் சின்லோன் ஆட்டத்தில் கெட்டிக்காரரான ஒரு பர்மியரை எங்கிருந்தோ கூட்டிவந்து ஓரத்தில் ஓட விட்டார். அந்த பர்மியர்தான் அவரை முதலில் ‘சயா’ என்று கூப்பிட்டது. வாத்தியார், வைத்தியர், பெரிய தொழில்காரர் எல்லோரையும் பர்மாவில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பிறகு எங்களுக்கும் அவர் சயா. காலால் ஆடியதைவிடத் தலையால் நன்றாக ஆடினார் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நான் சொல்கிறேன், வரட்டும்.

அவர் மேனேஜராக நின்ற முதல் பந்தயத்தில் ஒரு கூத்து நடந்தது. பந்து எங்களிடம் இருந்தது. எல்லோரும் மேலே ஏறிப் போங்கள் என்று சொல்ல சயா எழுந்து நின்று கையை உயரத் தூக்கினார், விரிந்த உள்ளங்கையோடு. அவ்வளவுதான். எங்களில் அவரைப் பார்த்த ஏழு பேர் மரம் மாதிரி நின்றுவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். எதிரணிக்காரன் ஒன்றும் புரியாமல் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தே போய் கோல் போட்டான்.

ஆட்டம் முடிந்ததும் சயா தடியை எறிந்தார். “ஏன் நின்னீங்க? பைத்தியமா?”

“நீங்கதான சயா நிறுத்தச் சொன்னீங்க!” என்றார் வின்ச்சுக்காரர்.

“நானா? எப்ப?”

“கையைத் தூக்குனீங்கல்ல? கை தூக்குனா நிப்போம். வீட்ல தீப்பிடிச்சாலும் நிப்போம். ஒருத்தன் உசுரு அதுல தொங்குது சயா.”

சயா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு பெட்டியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நான்கு கோலில் தோற்ற அணியின் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், மில் வேலை முடிந்ததும் ஜெட்டிக்கு வந்து நின்றார். கைகளையே பார்த்தார். வார முடிவில் டீக்கடையில் புளியங்கொட்டைகளை அடுக்கினார். ஆஃப்சைடு சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எதிராளி பந்தை முன்னால் தள்ளும் நொடியில், நம் கோல்கீப்பரைத் தவிர மற்ற எல்லோரையும் தாண்டி அவன் ஆள் நின்றால் ஆட்டம் செல்லாது, ரெப்ரீ விசில் ஊதுவார். “எல்லாரும் பின்னால ஓடுறீங்க. அவன் பந்தைத் தள்ளப் போறான். அப்ப ஒருத்தன் கையைத் தூக்கறான். பின்வரிசை அஞ்சு பேரும் நிக்கறீங்க, ஒரே நொடியில. அவன் ஆளுக்கு நிக்கத் தெரியாது. ஓடித் தாண்டிப் போயிடுவான். விசில்! வேற எந்த டீமுக்கும் இது வராது. ஏன் கை தூக்கறேன்னு யோசிப்பான், திரும்பிப் பாப்பான். நீங்க யோசிக்க மாட்டீங்க.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மதிப்பு இருக்கிறதே! எங்கள் கூலி வேலையை அதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

“யார் சயா கை தூக்கறது?” என்று யாரோ கேட்டார்கள்.

சயா தடியை நீட்டி என்னைக் காட்டினார்.

வின்ச்சுக்காரர் எழுந்தே விட்டார். “இவனா? இவன் கையையா நாங்க பாக்கணும்? இன்னொரு முழங்காலும் போகணுமா சயா?”

“போனது யார் முழங்கால்?” என்றார் சயா.

“உங்களுது.”

“அப்ப நான் சொல்றேன். பேக்ல ஹேச்சு வேலை செஞ்சவன் இவன் ஒருத்தன்தான். இவன்தான்.”

“சயா, என்னால ஆகாது,” என்றேன். நிஜமாகவே ஆகவில்லை. பயிற்சியில் கை எழுந்தால் தாமதமாக எழும். வின்ச்சுக்காரர் என் பக்கமே திரும்பாமல் ஓடுவார். பத்துத் தடவைக்கு நான்கு தடவை பலித்தது. அதை வைத்துக்கொண்டே, சின்லோன்காரரின் காலையும் வைத்துக்கொண்டு, கோப்பைக்கான கடைசிப் பந்தயம் வரை வந்துவிட்டோம். எதிரே பட்டாளத்து அணி.

பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. மழை முடிந்ததும் நொண்டி பிட்டர் வேண்டாம் என்று மில்லில் சயாவுக்குச் சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில் ஒரு பந்தாட்டக் கிளப்புக்கு மேனேஜர் தேவை. அந்தக் கிளப்பின் ஆள் ரங்கூன் வந்திருக்கிறார், இந்தப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். ஜெயித்தால் சயாவுக்கு ஒரு வாழ்க்கை உண்டு. தோற்றால் சொந்த பந்தம் இல்லாத ஊரில், மடங்காத காலோடு, ஒன்றும் இல்லை. ஒருமுறை இந்தக் கையால் அவரை முடித்துவிட்டேன். இரண்டாவது வாழ்க்கையையும் கொண்டுவந்து அதே கையில் வைத்திருக்கிறாரே, இந்த மனுசனுக்குப் புத்தி இருக்கிறதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அன்று நல்ல மழை. சிங்கப்பூர்க்காரர் கறுப்புக் குடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் பாதி முழுக்க நான் கையைத் தூக்கவே இல்லை. தூக்க வேண்டிய நொடி வரும், தெரியும், கை இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். பட்டாளத்தின் சிவப்புத்தலை சென்டர் பார்வர்டு இரண்டு தடவை தனியாகப் போனான். ஒன்றை கோல்கீப்பர் தடுத்தார். ஒன்று கோல்.

இடைவேளையில் திட்டுவார் என்று நினைத்தேன். சயா கால்சட்டையை மடித்து முழங்காலைக் காட்டினார். கோணிப் போய், தழும்பாக இருந்தது. “நல்லாப் பாத்துக்கோ,” என்றார். “பாதி ஆட்டம் நீ இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தே. பந்து இங்க இல்ல, அங்க இருக்கு.”

எழுந்து உள்ளே போகும்போது, என் பக்கத்தில் வந்து நின்ற வின்ச்சுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல், ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாத மனிதர், பேசினார்.

“தூக்குடா குளவி. நான் நிப்பேன்.”

தூக்கினேன். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த நொடி வந்தது, கை தானே எழுந்தது. ஐந்து பேரும் நின்றோம். சேற்றில் சறுக்கிக்கொண்டு, ஆனால் நின்றோம். சிவப்புத்தலை எங்களைத் தாண்டிப் போய்த் தனியாக நின்று முழித்தான். விசில்! மறுபடி தூக்கினேன். மறுபடி விசில். ஐந்து தடவை, ஆறு தடவை. பட்டாளத்தார் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார்கள். ரெப்ரீ ஒரு தடவை என்னிடம் வந்து, கையால் பந்தைத் தொட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று எச்சரித்தார். கோபத்தில் அவர்கள் ஒழுங்கு கெட்டது. சின்லோன்காரர் ஒரு கோல் போட்டார். பத்து நிமிஷம் கழித்து அவரே இன்னொன்று.

ஆட்டம் முடியப் போகும் நேரம். நீளமாக ஒரு பந்து வரப் போகிறது என்று அவர்களுடைய ஆளின் தோள் திரும்பியதிலேயே தெரிந்தது. தூக்கினேன். ஐவரும் நின்றோம். சிவப்புத்தலை நிற்காமல் ஓடினான், பந்தை வாங்கினான், கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் அடித்தான். விசில் இல்லை. மழை மட்டும் சத்தம் போட்டது. பட்டாளத்தார் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். என் கை இன்னும் மேலே இருந்தது. மற்ற நான்கு பேரில் ஒருவர்கூட வலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வின்ச்சுக்காரர் மீசையில் தண்ணீர் சொட்ட என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை இறங்கும் வரை அவர் அசைய மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகுதான் ரெப்ரீ, ஓரத்தில் லைன்ஸ்மேன் வெகு நேரமாகத் தூக்கியிருந்த கொடியைப் பார்த்தார். ஊதினார். ஆஃப்சைடு.

ஜெயித்துவிட்டோம். வின்ச்சுக்காரர் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். சிங்கப்பூர்க்காரர் குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்துகொண்டே சயாவிடம் வந்து கை கொடுத்தார்.

சயா கப்பல் ஏறும் நாள் வந்தது. எனக்கு அதற்குள் மறுபடி கை காட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். வின்ச்சுக்காரரே போய் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினார். ஆற்றில் நீர் ஏறியிருந்தது, கப்பலின் ஏணிப்படி செங்குத்தாக நின்றது. மடங்காத காலோடு அதில் ஏற முடியாது. ஒரு நாற்காலியைக் கயிற்றில் கட்டி ஜெட்டிக் கிரேனால் தூக்கி வைப்பது என்று முடிவாயிற்று. கிரேனில் வின்ச்சுக்காரர். கை காட்ட வேறு ஆள் இருந்தான். சயா அவனைப் போகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“சயா, ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் குளவி வரல.”

அவர் தடியை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சனிக்கிழமை போட்ட கோலை நெனச்சுக்கிட்டு நின்னேன். பந்து மேலே போயி இறங்குச்சே, அது. வாய் பேசல. கை பேசிடுச்சு. அதுதான் ஆரியா ஆயிடுச்சு. உங்க கோல்தான் சயா உங்க கால…”

அடிப்பார் என்று நின்றேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“எப்படி நெனச்சே? காட்டு,” என்றார்.

“சயா?”

“காட்டுன்னேன்.”

கையைத் தூக்கினேன். மேலே கொண்டுபோய், நிறுத்தி, உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்கினேன். தலைக்கு மேலே கடகடவென்று சத்தம். கிரேனின் வெறும் கொக்கி ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. “டேய்! இன்னும் ஆளே உக்காரல, அதுக்குள்ள என்னடா ஆரியா?” என்று மேலிருந்து வின்ச்சுக்காரர் கத்தினார்.

சயா நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மறுபடி கொக்கியைப் பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்தது. தடியில் சாய்ந்துகொண்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தப்பு,” என்றார். “அவ்வளவு சீக்கிரம் இறங்கல. மேலே இன்னும் கொஞ்சம் நின்னுச்சு.” என் கையை உயரத் தூக்கி, அங்கேயே பிடித்து வைத்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். பிறகு விரல்களைத் தளர்த்தினார். “இவ்வளவு நேரம். இப்ப சரி. இனி யாருக்காவது சொன்னா சரியாச் சொல்லு.”

நாற்காலியில் உட்கார்ந்து விறைத்த காலை நீட்டிக்கொண்டார். “ஹபீஸ்,” என்றார் என்னைப் பார்த்து.

ஜெட்டியும் கப்பல் தளமும் தெரியும்படி நான் ஏணிப்படியின் நடுவில் போய் நின்றேன். வின்ச்சுக்காரரின் கண் என் கையில் இருந்தது. சுட்டுவிரலை மேலே சுழற்றினேன். சயா எழும்பினார். தண்ணீருக்கு மேலே, எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே, கண்ணை மூடிக்கொண்டு, தடியை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். என் கண்ணில் நீர் முட்டிப் பார்வை மறைத்தது. அவர் தளத்தில் இறங்கி எழுந்து நிற்கும் வரை, அந்தக் கையால் நான் அதைத் துடைக்கவில்லை.